சுவரைவிடக் கண்ணாடி அதிகம்: ஹார்ட்விக் ஹால் என்ற வீடு

லண்டனிலிருந்து வடக்கே போகும் எம்1 நெடுஞ்சாலையில் டெர்பிஷயர் பக்கம் வரும்போது, கிழக்கே ஒரு குன்றின் உச்சியில் பெரிய கல்வீடு ஒன்று தெரியும். ஆறு கோபுரங்கள், மொட்டையான மேல்தளம், மீதியெல்லாம் ஜன்னல். பார்த்ததும் வீடு என்று தோன்றாது, யாரோ கண்ணாடி அலமாரியைத் தூக்கிக் குன்றின்மேல் வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கும். முகப்பு மேற்கு பார்த்தது என்பதால் சாயங்கால வெயில் நேராக அடித்து, மொத்த வீடும் உள்ளே விளக்கேற்றியதுபோல ஜொலிக்கும். அதுதான் ஹார்ட்விக் ஹால். 1590இல் தொடங்கி 1597இல் குடிபோன வீடு. "ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு சொலவடையே இருக்கிறது.

இன்றைக்கு கண்ணாடிக் கட்டடம் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஊருக்கு நாலு ஐ.டி. பூங்கா இருக்கிறது. ஆனால் 1590களில் ஜன்னல் கண்ணாடி என்ன பாடு படுத்திய பொருள் என்று தெரிந்தால்தான் இந்த வீட்டின் திமிர் புரியும். அப்போது அகலத் தகடாகக் கண்ணாடி வார்க்கத் தெரியாது. உருகிய குழம்பைக் குழலில் எடுத்து ஊதி, நீள உருளையாக்கி, அதை நெடுக்காகக் கீறி, சூட்டிலேயே விரித்துத் தட்டையாக்கினார்கள். வந்ததும் பச்சையோடிய, குமிழி விழுந்த சின்னத் தகடுதான். அதை உள்ளங்கை அளவுச் சில்லுகளாக வெட்டி, ஈயப் பட்டைகளுக்குள் செருகி, பற்றவைத்து, இரும்புக் கம்பியில் கட்டி, கல் சட்டத்துக்குள் பொருத்தினால் ஒரு பலகணிக் கட்டம் முடியும். இங்கே ஒரு ஜன்னலுக்கே அப்படிப் பல கட்டங்கள். அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை ஆங்கிலப் பிரபுக்கள் வீடு மாறும்போது ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி எடுத்துப் போனதும் உண்டு. நாற்காலி, கட்டில் மாதிரி அதுவும் ஒரு சாமான், வீட்டோடு சேர்ந்ததல்ல. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் குன்றின் உச்சியில், எட்டுத் திக்கும் தெரியும்படி, சுவரையெல்லாம் ஜன்னலாக்கி வீடு கட்டுகிறார் என்றால் பத்து மைல் சுற்றளவுக்குத் தன் பணப்பெட்டியைத் திறந்து காட்டுகிறார் என்று பொருள்.

காட்டியவர் ஒரு பெண்மணி. எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. ஊரில் பெஸ் ஆஃப் ஹார்ட்விக். அதே ஹார்ட்விக்கில் ஓரளவு நிலமிருந்த சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். நாலு கல்யாணம். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு படி மேலே. கடைசிக் கணவர் ஷ்ரூஸ்பரியின் 6வது பிரபு, இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஸ்காட்லாந்து அரசி மேரியைச் சிறைக்காவலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல ஆண்டுகள் அவர் தலையில்தான் இருந்தது. அந்தத் தாம்பத்தியம் கசந்து, பெஸ் தன் கையால் கட்டிய சாட்ஸ்வொர்த் மாளிகையை விட்டு 1584இல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தார். அதற்கு முன்பே, கடனில் மூழ்கிய தன் அண்ணன் தம்பி வழிச் சொத்தான ஹார்ட்விக்கை அவரே விலைக்கு வாங்கியிருந்தார். 1590 நவம்பரில் கணவர் இறந்ததும், அறுபதைத் தாண்டிய இந்த விதவை, இங்கிலாந்தின் அரசி முதலாம் எலிசபெத்துக்கு அடுத்த பணக்காரப் பெண் என்று ஊர் பேசும் நிலைக்கு வந்துவிட்டார். புதுவீடு எழும்பியது அந்தப் பணத்தில்.

பணம் மட்டும் என்று சொல்வதும் சரியில்லை. கல் அதே குன்றின் அடிவாரத்துக் குவாரியிலிருந்து, மரம் சொந்தக் காடுகளிலிருந்து, ஈயம் சொந்தச் சுரங்கத்திலிருந்து, கண்ணாடி விங்ஃபீல்டில் அவருக்கிருந்த சொந்தப் பட்டறையிலிருந்து. இப்போதைய மாதிரி முழு வேலையையும் ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டுவிடும் பழக்கமில்லை. கல்தச்சர், கொத்தனார், தச்சர், கண்ணாடிக்காரர், சுதை வேலைக்காரர் என்று தனித்தனியாகப் பேசி, நாட்கூலிக்கும் அளவுக்கூலிக்கும் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன.

வரைபடம் போட்டவர் ராபர்ட் ஸ்மித்சன் என்றே கட்டடக்கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். கல்தச்சராகத் தொடங்கி லாங்லீட் மாளிகையில் வேலைபார்த்து, நாட்டிங்ஹாம் அருகே வுல்லட்டன் ஹாலை வடிவமைத்தவர். 'ஆர்க்கிடெக்ட்' என்று ஒரு தொழில் இங்கிலாந்தில் இன்னும் சரியாக உருவாகாத காலம் அது. அவர் முன்னால் இருந்த சிக்கல் எளிமையானது: சுவரையெல்லாம் ஜன்னலாக்கிவிட்டால் பாரத்தை யார் தாங்குவது?

விடை வீட்டுக்குள்ளே இருக்கிறது. வழக்கமாகக் கணப்பும் புகைபோக்கியும் வெளிச்சுவரில்தான் இருக்கும். ஹார்ட்விக்கில் அவற்றை வெளிச்சுவரிலிருந்து பிடுங்கி உள்சுவர்களுக்குள் தள்ளிவிட்டார்கள். வீட்டின் நடுவே நெடுக்காக ஓடும் தடித்த சுவர்கள் முதுகெலும்பு மாதிரி பாரத்தையும் புகையையும் சேர்த்துச் சுமக்கின்றன. வெளிச்சுவர் அப்படி விடுதலையானதும் அதில் எவ்வளவு பெரிய ஓட்டையும் போடலாம். கோபுரங்களும் அழகுக்கு மட்டும் நிற்கவில்லை, நீண்ட சுவருக்கு அங்கங்கே முட்டுக்கொடுக்கின்றன. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. வீட்டைச் சுற்றி நடந்தால் இதில் ஒரு வேடிக்கை தெரியும். நேராக நின்றால் அடக்கமான சமச்சீர், பத்தடி நகர்ந்தால் இரண்டு கோபுரம் ஒன்றையொன்று மறைக்கும், இன்னும் நகர்ந்தால் ஆறும் கொத்தாகச் சேரும், அப்புறம் பிரியும். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் கல்லில் செதுக்கிய 'ஈ', 'எஸ்' என்ற ஆங்கில எழுத்துகள், மேலே பிரபுகுலக் கிரீடம். எலிசபெத் ஷ்ரூஸ்பரி. வானத்தைப் பின்னணியாக வைத்துத் தன் இனிஷியலை ஆறு கோபுரத்திலும் எழுதிவைத்த அம்மாள்! அடக்கம் என்ற சொல்லை இந்த வீட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

இந்த வீட்டின் மிகப் பெரிய புதுமை ஜன்னல் இல்லை, ஹால் என்பது என் கட்சி. நம் பிளாட்டுகளில் 'ஹால்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பழைய இங்கிலாந்தில் வீட்டின் உயிர் என்று பொருள். எஜமான், வேலைக்காரர், விருந்தாளி எல்லாரும் சாப்பிட்ட பெரிய கூடம். இடைக்காலம் முழுக்க அந்தக் கூடம் முகப்புக்கு இணையாக நீளவாக்கில் இருந்தது. உள்ளே நுழையும் கதவு அதன் ஒரு ஓரத்தில் வரும், எஜமானின் மேடை மறு ஓரத்தில். அதனால் முகப்பில் கதவு நடுவில் அமையாது, ஜன்னல்களும் ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக இருக்கும். இத்தாலியிலிருந்து வந்த மறுமலர்ச்சிப் பாணியோ இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்துப்போக வேண்டும் என்றது. கூடம் பழையபடி, முகப்பு புதியபடி என்று எப்படிக் கட்டுவது? பல வீடுகள் இதில் மாட்டிக்கொண்டு திணறின. ஹார்ட்விக்கில் கூடத்தைத் தொண்ணூறு பாகை திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். கதவு முகப்பின் நடுவில். அதைத் திறந்தால் கூடம் வீட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பின்பக்கம் வரை ஓடுகிறது. இரு கையிலும் சமமாக அறைகள்.

ஒரே திருப்பில் கட்டடச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் சமூகமும் கொஞ்சம் மாறியது. கூடத்தில் எஜமானின் மேடைக்கு இடமில்லாமல் போயிற்று. அது வேலைக்காரர்கள் சாப்பிடும், வந்தவர்கள் கடந்துபோகும் இடமாக இறங்கியது. எஜமானி மாடிக்குப் போய்விட்டார். பிறகு வந்த நூற்றாண்டுகளில் ஹால் என்பது குடையும் செருப்பும் வைக்கும் வாசல் நடையாகவே சுருங்கியதற்கு இங்கேயே விதை விழுந்துவிட்டது.

முகப்பு ஒத்துப்போக வேண்டும் என்ற பிடிவாதத்தில் கொஞ்சம் பித்தலாட்டமும் நடந்திருக்கிறது. வெளியே வரிசையாக ஒரே மாதிரித் தெரியும் ஜன்னல்களில் சில பொய் ஜன்னல்கள், கண்ணாடிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. வேறு சில, வெளியே ஒரே உயர ஜன்னலாகத் தெரிந்தாலும் உள்ளே அதன் நடுவே ஒரு தளம் ஓடுகிறது, கீழறைக்குப் பாதி, மேலறைக்குப் பாதி. கட்டடக்கலையில் நேர்மை வேண்டும் என்று பேசுபவர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது. முகப்பு ஊருக்கு, உள்பக்கம் வீட்டுக்காரருக்கு; இரண்டும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

வெளியே நின்று ஜன்னல்களைக் கீழிருந்து மேலே பார்த்தால் இன்னொன்று பிடிபடும். மேலே போகப் போக ஜன்னல் உயர்ந்துகொண்டே போகிறது. தரைத்தளத்தில் குட்டை, முதல் மாடியில் அதைவிட உயரம், இரண்டாம் மாடியில் பிரம்மாண்டம். காரணம் அந்தஸ்து. கீழே சமையலறை, வேலைக்காரர், குழந்தைகள். முதல் மாடியில் பெஸ் அன்றாடம் புழங்கிய அறைகள். இரண்டாம் மாடி ராஜமரியாதைக்கு, அதாவது நிஜமாகவே அரசி வந்தால் தங்க. பெஸ்ஸின் பேத்தி அரபெல்லா ஸ்டூவர்ட்டுக்கு அரியணையில் உரிமை கோரும் ரத்தம் இருந்தது, ஆகவே அந்த மாடியைக் கட்டும்போது பாட்டியின் மனத்தில் வெறும் விருந்தோம்பல் மட்டும் இருந்திருக்காது. முதலாம் எலிசபெத் கடைசிவரை வரவே இல்லை.

தரையிலிருந்து அந்த மாடிக்குப் போகும் படிக்கட்டு இங்கே நின்று பார்க்கவேண்டிய ஒன்று. அகலமான கல்படிகள், கைப்பிடி அலங்காரம் எதுவும் கிடையாது, வீட்டின் வயிற்றுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஓரிடத்தில் இருட்டு, திரும்பினால் ஜன்னலிலிருந்து வெளிச்சம், மறுபடி அரையிருட்டு. இத்தனையும் ஏறி, கடைசித் திருப்பத்தில் கதவைத் திறந்தால் ஹை கிரேட் சேம்பர் என்ற வரவேற்பு மண்டபம். உயர உயரமான ஜன்னல்கள், சுவரில் நெய்த சித்திரத் திரைகள், அதற்கு மேலே அறையைச் சுற்றி ஓடும் வண்ணம் பூசிய சுதைச் சிற்பப் பட்டை. வேட்டைத் தெய்வம் டயானா, மரங்கள், மிருகங்கள், அரசியின் முத்திரைச் சின்னம். ஆப்ரகாம் ஸ்மித் என்ற சுதைக் கலைஞரின் கைவேலை. விருந்து நாட்களில் சாப்பாடு கீழ்ச் சமையலறையிலிருந்து ஊர்வலமாகக் கூடத்தைக் கடந்து இந்தப் படி முழுக்க ஏறி வரவேண்டும். வந்துசேரும்போது இறைச்சி சூடாக இருந்திருக்குமா என்று கேட்காதீர்கள். மரியாதை சூடாக இருந்தால் போதும் என்பதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு.

இதே மாடியின் கிழக்குப் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு லாங் கேலரி. ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். மழை நாளில் நடைபயிற்சிக்கு, படங்களைப் பார்க்க, தனியாகப் பேச. அதன் சுவரை மறைத்துத் தொங்குவது விவிலியத்தில் வரும் கிதியோன் கதையைச் சொல்லும் 13 டேப்பஸ்ட்ரித் திரைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். இவை பெஸ்ஸுக்காக நெய்தவை அல்ல. அரசியின் செல்வாக்குப் பெற்ற அமைச்சர் கிறிஸ்டஃபர் ஹாட்டனுக்காக ஃபிளாண்டர்ஸில் நெய்தவை. ஹாட்டன் 1591இல் கடனோடு இறக்க, அடுத்த ஆண்டு பெஸ் 326 பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்து மொத்தமாக வாங்கினார். திரையில் ஹாட்டனின் குலச்சின்னம் இருக்கிறதே, அதை மறைக்கச் செலவாகும் என்று சொல்லி 5 பவுண்டு குறைக்கவும் வைத்தார்! சின்னத்தின் மேல் தன் சின்னத்தை வரைந்த துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். ஹாட்டனின் அடையாளம் பெண்மான். பெஸ்ஸுக்கு இரண்டாம் கணவர் கேவண்டிஷ் வழியில் பிறந்த பிள்ளைகளின் அடையாளம் கலைமான். அதற்கென்ன, பெண்மானுக்குக் கொம்பு சேர்த்தால் முடிந்தது.

இத்தனை கண்ணாடியோடு அந்த வீட்டில் குடியிருப்பது எப்படி இருந்திருக்கும்? குளிர்தான். ஒற்றைக் கண்ணாடி, ஈயப் பட்டை இடுக்கெல்லாம் காற்று, குன்றின் உச்சி, ஐரோப்பா முழுக்க வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்த காலம் வேறு. 1601இல் பெஸ் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதவைத்தார், அது அப்படியே கிடைத்திருக்கிறது. அவருடைய சொந்தப் படுக்கையறைக் கணக்கைப் படித்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்: ஜன்னலுக்கு முன்னால் தொங்கவிடப் போர்வை, கதவுக்கு முன்னால் தொங்கவிடவும் போர்வை. நாடே அண்ணாந்து பார்த்த ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறார். அதே காலத்தில், சாமான்களை ஈரமும் அந்துப்பூச்சியும் வேறு கேடும் அண்டாமல் காக்க வேண்டும் என்று வாரிசுகளுக்கு எழுதியும் வைத்தார். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1608இல் பெஸ் இறந்தபின் நடந்ததுதான் அதிர்ஷ்டம். வாரிசுகள் டெவன்ஷயர் பிரபுக்களாகி, சாட்ஸ்வொர்த்தைத் தலைமை வீடாக்கிக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாணி மாறியபோது இடித்துக் கட்டப்பட்டது சாட்ஸ்வொர்த். பெஸ் கட்டிய பழைய மாளிகை அங்கே காணாமல்போனது. ஹார்ட்விக்கை யாரும் தொடவில்லை, தொடும் அளவுக்கு யாருக்கும் அதில் அக்கறையில்லை. பழைய சாமான் போடும் இடம், வேட்டைக்கு வந்தால் தங்கும் இடம். தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் அந்தக் குடும்பத்து ஆசிரியராக இருந்து 1679இல் இங்கேதான் இறந்தார். 19ஆம் நூற்றாண்டில் 6வது டெவன்ஷயர் டியூக்குக்குப் பழமைமேல் ஆசை வந்து, இருந்ததை இன்னும் பழையதாகக் காட்ட வேறு மாளிகைகளிலிருந்து திரைகளையும் படங்களையும் கொண்டுவந்து நிரப்பினார். அதனால் எலிசபெத் காலத்து வீடு அப்படியே உறைந்து நிற்கிறது என்று சொல்வதில் பாதிதான் உண்மை. கல்லும் கண்ணாடியும் சுதையும் பெஸ் காலத்தவை, உள்ளே தெரியும் அந்தப் பழமைத் தோற்றத்தில் ஒரு பங்கு டியூக்குடையது.

கவனிப்பில்லாமல் விட்டால் எல்லாமே தப்பித்துவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். கூப்பிடு தூரத்திலேயே பெஸ் கொஞ்சம் முன்னால் கட்டத் தொடங்கிய பழைய ஹார்ட்விக் ஹால் கூரையில்லாமல் எலும்புக்கூடாக நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அதன் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். மாடிச் சுவர்களில் சுதை வேலையின் மிச்சங்கள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, தரை மட்டும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் அந்தரத்தில் கணப்படுப்பு.

1950இல் 10வது டியூக் இறந்தார். சொத்துக்கு 80 சதவீத வாரிசு வரி. அந்தக் காலத்தில் இப்படி வரியும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் இங்கிலாந்து முழுக்க நூற்றுக்கணக்கான நாட்டுப்புற மாளிகைகளை உரிமையாளர்களே இடித்துத் தள்ளினார்கள். 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தியது. டெவன்ஷயர் குடும்பம் சாட்ஸ்வொர்த்தைக் காப்பாற்ற ஹார்ட்விக்கை வரிக்குப் பதிலாக 1956இல் அரசிடம் கொடுத்தது. 1959இல் அது நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. கடைசியாக அங்கே குடியிருந்தவர் 9வது டியூக்கின் விதவை டச்சஸ் ஈவ்லின். பழைய துணிகளைத் தன் கையாலேயே ஊசி நூல் வைத்துத் தைத்துச் சீர்செய்த அவர் 1960இல் இறந்தார்.

இப்போது ஹார்ட்விக் கிரேடு 1 பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்தில் காக்கப்படும் கட்டடங்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். மொத்தப் பட்டியலில் இரண்டரை சதவீதம் போலத்தான் முதல் தரம். பட்டியலில் வந்துவிட்டால் இடிக்கவோ, அதன் தன்மை மாறும்படி கைவைக்கவோ தனி அனுமதி வாங்க வேண்டும். உள்ளே, வெளியே எல்லாவற்றுக்கும் அது பொருந்தும், அனுமதியில்லாமல் செய்தால் கிரிமினல் குற்றம். ஒரு ஜன்னலின் ஈயப் பட்டையைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் தடுப்பது மனிதனின் கையை; மழையில் கரையும் மணற்கல்லையும் வெயிலில் வெளுக்கும் நூலையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஹார்ட்விக்கில் வெளுப்பதுதான் பெரிய விஷயம். திரைகளில் மரங்களும் புல்லும் நீலமாக இருப்பதைப் பார்க்கலாம். நெய்தவர் நீலமாக நெய்யவில்லை. அந்தக் காலத்தில் பச்சைக்கென்று நல்ல சாயம் கிடையாது, நீலத்தில் தோய்த்து அதன்மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை வரவழைத்தார்கள். நீலம் ஐரோப்பாவில் விளைந்த வோட் என்ற செடியிலிருந்து வந்தது. நம் அவுரியில் இருக்கும் அதே சாயப்பொருள்தான், கெட்டியாக நிற்கும். மஞ்சள் வெல்ட் என்ற செடியிலிருந்து, அது வெளிச்சத்தில் முதலில் ஓடிவிடும். மஞ்சள் போனதும் காடே நீலமாகிவிட்டது. நிறம் போவதோடு நிற்பதில்லை, பட்டும் கம்பளியும் இற்றுப்போய்த் தன் பாரத்தையே தாங்காமல் கிழியும். இந்த மாதிரித் துணிக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம் போதும் என்பது காப்பாளர்கள் கணக்கு. நல்ல வெயில் நாளில் வெளியே அடிப்பது அதைப்போல ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு. பட்ட வெளிச்சம் பட்டதுதான், ஓய்வு கொடுத்தால் நிறம் திரும்பிவராது.

கிதியோன் திரைகள் 13ஐயும் ஒவ்வொன்றாக இறக்கி, பெல்ஜியத்துக்கு அனுப்பிக் கழுவி, நார்ஃபோக்கில் உள்ள பட்டறையில் பின்துணி வைத்து இழை இழையாகத் தைத்துச் சரிசெய்ய 24 ஆண்டுகள் ஆயின. 17 லட்சம் பவுண்டு செலவு. கடைசித் திரை 2023இல் திரும்ப ஏறியது. இவ்வளவும் செய்துவிட்டு மறுபடி வெயிலில் காயப்போடவா முடியும்? அதனால் நாடே பாடிய அந்த ஜன்னல்களுக்கு உள்ளே பிளைண்ட் இறக்கிவைத்திருக்கிறார்கள். கேலரிக்குள் நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியாது, கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்புறம் மெல்ல நீல மரங்கள் தெரியும், குதிரைகள் தெரியும், விளிம்பில் ஒட்டுத்துணி தெரியும், தேடினால் கொம்பு முளைத்த பெண்மானும்.